ஊசி போட்டும் வலிக்குதே: பெண்களின் புற்றுநோய் சிகிச்சையில் மரத்துப்போகும் மருந்து

"ஊசி போட்டீங்கல்ல டாக்டர், இன்னும் வலிக்குதே" என்று மேசையில் படுத்திருக்கும் அம்மா சொன்னால், அவர் சொல்வது பெரும்பாலும் சரிதான். பயத்தில் சொல்கிறார் என்று தள்ளிவிடுவதற்கு முன் இரண்டைப் பார்க்க வேண்டும். வலிக்கிற இடத்தின் நரம்பும், நாம் மருந்து போட்ட இடத்தின் நரம்பும் ஒன்றுதானா? மருந்து பிடிப்பதற்கு நேரம் கொடுத்தோமா? இரண்டும் சரியாக இருந்தும் வலித்தால் இன்னும் கொஞ்சம் மருந்து போடலாம். ஆனால் அவருடைய எடைக்கு இன்னும் எத்தனை மில்லிகிராம் பாக்கி இருக்கிறது என்ற கணக்கு அந்த நிமிடம் கையில் இருக்க வேண்டும். கர்ப்பப்பை வாய், சூலகம், பிறப்புறுப்பின் வெளிப்பகுதி ஆகிய இடங்களில் புற்றுநோய் வந்த பெண்களைப் பார்க்கும் இளம் மருத்துவர்களுக்கும் சிஸ்டர்களுக்கும் இந்த மூன்றும்தான் தினசரி வேலை.

நரம்பில் தொடங்கலாம். கர்ப்பப்பையின் மேல்பகுதி வலியை டி10 முதல் எல்1 வரையிலான தண்டுவட மட்டங்களுக்கு அனுப்புகிறது. கர்ப்பப்பை வாயும் யோனியின் மேல்பாகமும் எஸ்2 முதல் எஸ்4 வரை. யோனியின் கீழ்பாகம், வெளி இதழ்களின் பின்பகுதி, ஆசனவாயைச் சுற்றிய இடம் ஆகியவையும் புடெண்டல் நரம்பு வழியாக அதே எஸ்2 முதல் எஸ்4-க்குத்தான் போகின்றன. வெளி இதழ்களின் முன்பகுதி மட்டும் தனி. அங்கே தொடை இடுக்கு வழியாக வரும் எல்1 நரம்புகள் இருக்கின்றன. அதனால்தான் புடெண்டல் பிளாக், அதாவது அந்த நரம்பை மரக்கவைக்கும் ஊசி, அருமையாகப் பிடித்த பிறகும் முன்பக்கப் புண்ணைத் தொட்டால் அந்த அம்மா துள்ளுகிறார். கர்ப்பப்பை வாயைச் சுற்றி ஊசி போட்டுவிட்டு உள்ளே கம்பியை மேல்பகுதி வரை ஏற்றினால் அடிவயிற்றில் பிசைவதும் இதே காரணத்தால்தான். மருந்தில் குறை இல்லை, அந்த நரம்பை நாம் தொடவே இல்லை.

அடுத்து கணக்கு. 1% என்றால் ஒரு மி.லி.யில் 10 மி.கி., 2% என்றால் 20 மி.கி. அட்ரினலின் கலக்காத லிக்னோகெய்ன் என்ற மரத்துப்போகும் மருந்துக்கு வரம்பு கிலோவுக்கு 4.5 மி.கி., மொத்தம் 300-ஐத் தாண்டக் கூடாது. அட்ரினலின் கலந்தது கிலோவுக்கு 7 மி.கி., மொத்தம் 500. அதே வகை மருந்துகளான பியூபிவகெய்ன் கிலோவுக்கு 2 மி.கி., ரோபிவகெய்ன் 3 மி.கி. இந்த எண்கள் எல்லோருக்கும் மனப்பாடம்தான். தவறு நடப்பது எடையில்.

நம் அரசு மருத்துவமனை ஓபிக்கு வரும் அம்மாக்களில் 42 கிலோ இருப்பவர்கள் ஏராளம். 42-ஐ 4.5-ஆல் பெருக்கினால் 189 மி.கி. பாடப்புத்தகத்தில் கர்ப்பப்பை வாய் பிளாக்குக்கு 1% லிக்னோகெய்ன் 20 மி.லி. என்றிருக்கும். அது 200 மி.கி. புத்தகத்தில் உள்ளபடி அப்படியே செய்தாலே இவருக்கு வரம்பு தாண்டிவிடுகிறது. 2% குப்பியிலிருந்து நேராக உறிஞ்சினால் 9 மி.லி.யோடு நிறுத்த வேண்டியிருக்கும். அந்த அளவு பரவப் போதாது. சலைன் கலந்து 0.5% ஆக்கினால் அதே 20 மி.லி.யில் 100 மி.கி.தான் போகும். திரவம் பரவும், வரம்புக்குள்ளும் இருக்கும்.

சூலகப் புற்றுநோயில் இன்னொரு கண்ணி இருக்கிறது. வயிற்றில் நீர் கோத்து வருபவரைத் தராசில் ஏற்றினால் 48 கிலோ காட்டும். அதில் 6, 7 லிட்டர் தண்ணீர். மருந்தைத் தாங்கப்போகும் உடம்பு 41 கிலோதான். கை கால் மெலிந்து வயிறு மட்டும் பெருத்திருப்பதைக் கண்ணால் பார்த்தபின், தராசு எண்ணை வைத்து அளவு போடக் கூடாது. நீர் எடுத்தபின் பார்த்த எடை முந்தைய கேஸ் ஷீட்டில் இருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும். அதேபோல் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பக்கவாட்டில் பரவிச் சிறுநீர்க்குழாயை நெரித்து கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் ரத்த அளவு) ஏறியிருந்தால், ஈரலில் சிதைந்த லிக்னோகெய்னின் மிச்சங்கள் சிறுநீரில் வெளியேறாமல் தேங்கும். ஒரு முறை போடும் ஊசிக்கு இது பெரிய ஆபத்தில்லை. திரும்பத் திரும்பப் போடும்போதும், பம்ப்பில் தொடர்ந்து ஓடும்போதும் அளவைக் குறைக்கத்தான் வேண்டும்.

இரண்டு மருந்து சேர்ந்தால் நஞ்சும் சேரும். லிக்னோகெய்னின் வரம்பில் பாதியைப் பயன்படுத்திவிட்டால் பியூபிவகெய்னிலும் பாதிதான் பாக்கி. பெரிய வயிற்று அறுவையில் இது அடிக்கடி தவறுகிறது. 45 கிலோ பெண்ணுக்கு பியூபிவகெய்னின் மொத்த வரம்பு 90 மி.கி. மயக்க மருத்துவர் இரு பக்கமும் வயிற்றுச் சுவரை மரக்கவைக்கும் டாப் பிளாக்குக்கு 0.25% பியூபிவகெய்ன் 20, 20 மி.லி. கொடுக்கிறார். அதுவே 100 மி.கி. தையல் போடும்போது அறுவை மருத்துவர் "கொஞ்சம் சென்சார்கெய்ன் கொடுங்க சிஸ்டர்" என்று கேட்டு, அதுவும் பியூபிவகெய்ன்தான், அதே 0.25%-இல் இன்னொரு 20 மி.லி. காயத்தின் ஓரத்தில் போடுகிறார். அது 50 மி.கி. இருவரும் எடையைப் பார்க்காமல் வழக்கமான அளவையே போட்டார்கள், அந்தப் பெண்ணுக்குப் போனதோ கிலோவுக்கு 3.3 மி.கி. தியேட்டர் சுவரில் பஞ்சு எண்ணிக்கை எழுதும் பலகையிலேயே மரத்துப்போகும் மருந்துக்கும் ஒரு வரி ஒதுக்கினால் போதும்: மருந்து, சதவீதம், மி.லி., மி.கி., நேரம். யார் போட்டாலும் அதில் ஏற வேண்டும். டாப் பிளாக் மேல்தோல், தசை வலியை மட்டும்தான் போக்கும். உள்ளுறுப்பு வலி அப்படியே இருக்கும். தொப்புளுக்கு மேலே நீளும் வெட்டுக்கு ரெக்டஸ் ஷீத் பிளாக்கோ (நடுவயிற்றுத் தசையின் உறைக்குள் போடுவது) எபிடூரலோ (முதுகில் மெல்லிய குழாய் வழியாக மருந்து கொடுப்பது) தேவைப்படும்.

இனி ஒவ்வொரு வேலையாகப் பார்க்கலாம். கர்ப்பப்பை வாயில் கண்ணுக்குத் தெரியும் கட்டியிலிருந்து சதை எடுக்க ஊசியே வேண்டாம். அந்தக் கட்டியில் வலி உணர்வு குறைவு. ஊசி குத்தினால் ரத்தம்தான் கொட்டும், எங்கிருந்து எடுக்கிறோம் என்பதே மறைந்துவிடும். அந்த அம்மாவுக்கு வலிப்பது ஸ்பெகுலம் (உள்ளே பார்க்க யோனியை விரிக்கும் கருவி) விரியும்போது. சின்ன ஸ்பெகுலம், வெதுவெதுப்பான தண்ணீர், மெதுவான கை, "பலமா ஒரு தடவை இருமுங்கம்மா" என்று சொல்லி இருமும் நொடியில் எடுப்பது, இவ்வளவுதான். கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தபின் யோனி சுருங்கிப்போனவர்களுக்கு மட்டும் பரிசோதனைக்கு முன் 2% லிக்னோகெய்ன் ஜெல்லியை வாசலில் தடவி 5 நிமிடம் காத்திருந்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்து 2007-ல் லான்செட்டில் வெளிவந்த பரிசோதனை ஆய்வில், கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்ப்பதையும் பொருத்தமானவர்களுக்கு கிரையோ (மாறிய சதையை உறையவைக்கும்) சிகிச்சையையும் பயிற்சி பெற்ற நர்சுகளே செய்தார்கள். கிரையோவுக்கு ஊசி தேவைப்படுவதில்லை, குளிரே மரத்துப்போகச் செய்துவிடும். லீப் அப்படியில்லை. சூடான கம்பி வளையம் சதையை வெட்டி எடுக்கிறது, ஊசி கட்டாயம்.

லீப்புக்கு 1% லிக்னோகெய்ன் 5 மி.லி.க்கு உள்ளே போதும். 5 மி.லி. சிரிஞ்சு, 25 முதல் 27 கேஜ் நீள ஊசி. கடிகார முகமாக நினைத்துக்கொண்டு 3, 6, 9, 12 மணி இடங்களில், வெட்டப்போகும் இடத்துக்குச் சற்று வெளியே, மேல்தோலுக்குக் கீழே 1 முதல் 2 மி.மீ. ஆழத்தில். சரியான தளத்தில் போனால் சிரிஞ்சு கையைத் தள்ளும், சதை வெளுத்துப் புடைக்கும். வெளுக்காமல் சரசரவென்று மருந்து உள்ளே போனால் ஊசி ஆழம் போய்விட்டது என்று பொருள். பின்னால் இழுத்து மறுபடி போட வேண்டும். 30 நொடியில் பிடிக்க ஆரம்பிக்கும், ஒரு நிமிடம் விட்டால் நிம்மதி. அட்ரினலின் கலந்ததைப் போட்டால் நெஞ்சு படபடக்கும், கால் நடுங்கும். "ஒரு நிமிஷம் நெஞ்சு வேகமா அடிக்கும்மா, தானா சரியாயிடும்" என்று முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் அவர் எழுந்து உட்காரப் பார்ப்பார். அடுத்த முறை வரும்போது அந்தப் படபடப்பு "சைலோகெய்ன் அலர்ஜி" (லிக்னோகெய்னின் வணிகப் பெயர்தான் சைலோகெய்ன்) என்று சிவப்பு மையில் சீட்டில் ஏறியிருக்கும். உண்மையான அலர்ஜி மிக அபூர்வம். இருந்தாலும் பல நேரம் பெரிய குப்பியில் சேர்க்கும் மெதில்பாரபென் என்ற பதப்பொருள்தான் காரணம். கையில் குத்திப் பார்க்கும் டெஸ்ட் டோஸ் பல இடங்களில் வழக்கம். அதில் ஒன்றும் ஆகவில்லை என்பதால் அளவைக் கூட்டிப் போடலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதிக அளவால் வரும் நஞ்சை அந்த டெஸ்ட் காட்டவே காட்டாது.

கர்ப்பப்பை வாயைச் சுற்றிய பிளாக், கட்டி இல்லாதவர்களுக்கு உள்பக்கம் சுரண்டி எடுக்கும்போது நல்ல துணை. பிடிப்பான் மாட்டும் 12 மணி இடத்தில் 2 மி.லி., பிறகு வாயும் யோனிச் சுவரும் சேரும் மடிப்பில் 2, 4, 8, 10 மணிகளில் மீதி. 3, 9 மணிகளைத் தவிர்ப்பது கர்ப்பப்பை ரத்தக்குழாய் அங்கே ஓடுவதால். ஒவ்வொரு முறையும் உறிஞ்சிப் பார்த்துவிட்டு மெதுவாகச் செலுத்தி, 3 நிமிடம் காத்திருக்க வேண்டும். பெரிய கட்டி வளர்ந்து மடிப்பே மறைந்துபோனவர்களிடம் இதை முயலவே வேண்டாம்.

வெளி இதழ்ப் புண்ணில் 4 மி.மீ. பஞ்ச் பயாப்ஸி எடுக்க 1 முதல் 2 மி.லி. போதும். இன்சுலின் சிரிஞ்சின் 30 கேஜ் ஊசி இதற்கென்றே செய்தது போல இருக்கும். முதலில் எம்லா என்ற மரக்கவைக்கும் கிரீம். தோலில் அது ஒரு மணி நேரம் கேட்கும், பிறப்புறுப்பின் ஈரத்தோலில் 5 முதல் 10 நிமிடத்தில் பிடித்துவிடும். நல்ல தோலில் குத்தி புண்ணை நோக்கிப் போக வேண்டும். எரிச்சலைக் குறைக்க 10 மி.லி. லிக்னோகெய்னுக்கு 1 மி.லி. சோடா பைகார்ப் கலக்கலாம். பியூபிவகெய்னில் அப்படிக் கலந்தால் வெள்ளையாகத் திரிந்துவிடும்.

வயிற்று நீர் எடுக்கும்போது வலிப்பது இரண்டு தளங்களில்: தோல், அதன்பின் வயிற்று உள்ளுறை. நடுவில் உள்ள கொழுப்பு ஒன்றும் சொல்லாது. நிறைய பேர் தோலில் தாராளமாகப் போட்டுவிட்டு உள்ளுறைக்கு மிச்சம் வைப்பதில்லை. மொத்தம் 1% லிக்னோகெய்ன் 8 முதல் 10 மி.லி. என்றால் பாதியை உள்ளுறைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். உறிஞ்சிக்கொண்டே உள்ளே போகும்போது மஞ்சள் நீர் சிரிஞ்சில் வந்ததும் 2 மி.மீ. பின்னுக்கு இழுத்து, அங்கேதான் அந்தப் பாதி. முதுகு வழியாகச் சிறுநீரகத்தில் குழாய் வைக்கும்போதும் இதே கதை. தோலை மரக்கவைத்தால் மட்டும் போதாது, சிறுநீரக உறை வரை மருந்து போக வேண்டும். பாதை பெரிதாக்கும் கம்பி அந்த உறையைத் தாண்டும்போதுதான் குப்புறப் படுத்திருப்பவர் அசைந்துவிடுவார்.

உள்ளே வைக்கிற கரண்ட், அதாவது பிராக்கிதெரபி, எங்களுக்கு மிகவும் மனம் வலிக்கும் இடம். கதிர்வீச்சுக் கருவியை உள்ளே பொருத்தும்போது ஸ்பைனல், அதாவது முதுகில் தண்டுவட நீரில் போடும் ஊசி, நன்றாக வேலை செய்கிறது. 0.5% ஹெவி பியூபிவகெய்ன் 2 முதல் 2.5 மி.லி., அதாவது 10 முதல் 12.5 மி.கி. மரப்பு டி10 வரை ஏற வேண்டும். உட்கார வைத்து 1 மி.லி. மட்டும் கொடுக்கும் சேடில் பிளாக்கில் கருவியின் ஓவாய்டு என்ற பாகம் யோனியில் நிற்கும் இடம் மரத்துப்போகும். ஆனால் டேண்டம் என்ற உள்குழாய் கர்ப்பப்பையின் உச்சியைத் தொடும்போது வலி வரும். அந்த நரம்பு டி10-இல் இருக்கிறதே. பிரச்சினை இதற்குப் பிறகு. கருவியோடு சிடி ஸ்கேனுக்குப் போக வேண்டும், திட்டம் போட வேண்டும், மெஷினுக்கு வரிசை. இரண்டு மூன்று மணி நேரம் ஓடிவிடும். ஸ்பைனல் அதற்குள் இறங்கிவிடும். கடைசியில், மயக்க மருத்துவர் பக்கத்தில் இல்லாத அறையில், கருவி நகராமல் இருக்க அடைத்து, இப்போது காய்ந்துபோன துணிப் பேக்கை உருவுகிறார்கள். அடுத்த வாரம் மறுபடி வரச் சொன்ன அந்தப் பெண் வராமல் போவது இந்தப் பத்து நிமிடத்தால்தான். அவர் வராமல் போனால் சிகிச்சையே பாதியில் நிற்கிறது.

இதற்குச் செய்ய முடிகிறவை உண்டு. ஸ்பைனல் போட்ட நேரத்தை மணிக்கட்டுப் பட்டையில் எழுதினால் மெஷின் அறையில் உள்ளவர்களுக்கு எவ்வளவு நேரம் பாக்கி என்று தெரியும். 10 முதல் 25 மைக்ரோகிராம் ஃபென்டனைல் என்ற வலி மருந்தை ஸ்பைனலில் சேர்த்தால் மரப்பு இன்னும் கொஞ்ச நேரம் நீளும். ஒரே நாளில் நீண்ட நேரம் கருவி இருக்கும் என்றால் எபிடூரல் குழாய் நியாயமான தேர்வு. எடுப்பதற்கு அரை மணி முன் பாராசிட்டமால் 1 கிராம். கிரியேட்டினின் ஏறியவர்களுக்கு டைக்ளோஃபெனாக் வேண்டாம். பேக்கை உருவும் முன் சலைன் ஊற்றி 5 நிமிடம் ஊறவிட்டு, வாசலில் ஜெல்லி தடவி, ஓர் அங்குலம் ஓர் அங்குலமாக எடுக்க வேண்டும். நனைந்த பேக் வழுக்கிக்கொண்டு வரும், காய்ந்தது சதையோடு ஒட்டிக்கொண்டு வரும்.

ஸ்பைனலில் வலி இல்லை என்பது எச்சரிக்கையும் இல்லை என்பதே. கட்டியால் மெலிந்த கர்ப்பப்பையை டேண்டம் துளைத்தால் அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே ஏற்றுவது அதனால்தான்.

முதுகில் ஊசி குத்துமுன் பார்க்க வேண்டியவை: வாராவாரம் சிஸ்பிளாட்டின் கீமோ போகிறவர்களுக்குப் பிளேட்லெட் 80,000-க்குக் கீழே இருந்தால் தயங்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க எனாக்சாபாரின் தடுப்பு அளவில் போட்டிருந்தால் 12 மணி நேரம், சிகிச்சை அளவில் போட்டிருந்தால் 24 மணி நேரம் கழிய வேண்டும். எபிடூரல் குழாயை எடுத்தபின் அடுத்த ஊசிக்கு 4 மணி நேரமாவது. புதிதாகத் தொடங்கிய முதுகுவலி, அதுவும் இரவில் கூடுகிறது என்றால், முதுகெலும்பில் பரவல் இருக்கிறதா என்று பார்க்காமல் ஊசி வேண்டாம். பாக்லிடாக்சல் கீமோவால் ஏற்கெனவே பாதத்தில் மதமதப்பு இருந்தால் எங்கே, எவ்வளவு என்று எழுதிவைக்க வேண்டும். பிறகு வரும் "ஊசி போட்டதிலிருந்துதான் கால் இப்படி" என்ற புகாருக்கு அப்போதுதான் நேர்மையான பதில் இருக்கும்.

முதுகு ட்ரேயில் டிரானெக்சாமிக் அமில ஆம்பூல் வரவே கூடாது. ரத்தப்போக்குக்காக அது இந்த வார்டில் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும், தோற்றத்திலும் பியூபிவகெய்ன் ஆம்பூல் போலவே இருக்கலாம். தவறிப்போய் தண்டுவடத்தில் போனால் இடுப்பிலும் பிட்டத்திலும் தாங்க முடியாத வலி, பிறகு வெட்டி வெட்டி இழுக்கும் வலிப்பு. உயிரும் போயிருக்கிறது. அதே காரணத்தால் பயாப்ஸி ட்ரேயில் சதையைப் பதப்படுத்தும் ஃபார்மலினையும் பெயரில்லாத கிண்ணத்தில் ஊற்றிவைக்கக் கூடாது. பதப்பொருள் கலந்த 30 மி.லி. குப்பி தோலுக்குத்தான், தண்டுவடத்துக்கு இல்லை.

நஞ்சு ஏறும்போது முதலில் நாக்கும் உதட்டோரமும் மரத்துப்போகும். வாயில் இரும்புச் சுவை, காதில் ரீங்காரம், பேச்சுக் குழறல். அமைதிப்படுத்த மிடசோலம் கொடுத்திருந்தால் இவை எதுவும் தெரியாமல் நேராக இதயமே தடுமாறலாம். ரத்தக்குழாயில் போயிருந்தால் ஒரு நிமிடத்துக்குள், சதையிலிருந்து உறிஞ்சப்பட்டால் அரை மணி கழித்தும். எனவே பிளாக் போட்டவரை வெளி பெஞ்சில் தனியே உட்கார வைக்கக் கூடாது. சந்தேகம் வந்ததும் ஊசியை நிறுத்தி, 100% ஆக்சிஜன், வலிப்புக்கு மிடசோலம், 20% லிப்பிட் (ரத்தக்குழாய் வழியே ஏற்றும் கொழுப்புக் கரைசல்). கிலோவுக்கு 1.5 மி.லி. உடனே, 42 கிலோவுக்கு 63 மி.லி. பிறகு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.25 மி.லி. வீதம், மொத்தம் கிலோவுக்கு 12 மி.லி.யைத் தாண்டாமல். இதயம் நின்றால் அட்ரினலின் சிறு அளவுகளில், கிலோவுக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் போகாமல். மார்பு அழுத்தத்தை நீண்ட நேரம் தொடர வேண்டும், இந்த நிலையில் இதயம் தாமதமாகத் திரும்பும். மயக்க மருந்தான புரோபோஃபாலும் வெள்ளைதான், எண்ணெய்தான். ஆனால் அது லிப்பிட்டுக்கு மாற்றே இல்லை. லிப்பிட் பாட்டில் ஸ்டோரின் பூட்டிய அலமாரியில் இருந்தால் இல்லாததற்குச் சமம். பிளாக் போடும் அறையிலேயே இருக்க வேண்டும்.

மும்பை டாடா மெமோரியல் நடத்தி 2023-ல் வெளிவந்த ஆய்வில், மார்பகக் கட்டியைச் சுற்றி அறுவைக்கு 7 முதல் 10 நிமிடம் முன் 0.5% லிக்னோகெய்ன் போட்டபோது, நோய் திரும்பாமல் 5 ஆண்டு இருந்தவர்கள் 82.6 சதவீதத்திலிருந்து 86.6 ஆனார்கள். மகிழ்ச்சியான செய்தி. ஆனால் அது மார்பகத்துக்கு வந்த முடிவு. அதைப் படித்துவிட்டு கர்ப்பப்பை வாய்க் கட்டிக்குள் ஊசியை இறக்கினால் கிடைப்பது ரத்தப்போக்குதான்.

கடைசியாக வீட்டுக்குப் போகும் ஜெல்லி. கரண்டால் வெந்த தோலில் சிறுநீர் படும்போது நெருப்பாக எரியும் என்பதால் 2% ஜெல்லி எழுதிக் கொடுக்கிறோம். 30 கிராம் டியூபில் 600 மி.கி. லிக்னோகெய்ன் இருக்கிறது. தோல் உரிந்த புண் மருந்தை வேகமாக உறிஞ்சும். பாசத்தில் மகள் ஒரே நாளில் டியூபைக் காலி செய்துவிடுவார். எனவே "தாராளமா தடவுங்க" என்று சொல்லக் கூடாது. கடலைப் பருப்பு அளவு விரல் நுனியில் எடுத்துக் காட்டி, சிறுநீர் கழிக்க 5 நிமிடம் முன், நாளுக்கு நாலு தடவை என்று சொல்ல வேண்டும். எம்லாவை உரிந்த தோலில் தடவவே வேண்டாம். அதிலுள்ள பிரிலோகெய்ன் ரத்தத்தின் ஆக்சிஜன் தாங்கும் சக்தியைக் குறைத்து உதடு நீலமாகும். டாப்சோன் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம். இன்னொன்று, ஜெல்லி தடவியபின் வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்தால் சூடு தெரியாது. தண்ணீரை மகள் முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே அம்மா உட்கார வேண்டும்.